மாப்பிள்ளை நீக்கம்

காலை ஏழு மணிக்குச் சாலையோரச் சரிவில் பன்னிரண்டு பேர் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். படுத்து எழுந்த பாய் இல்லை. ஊதாப் பூக்கொடி தரையில் தானே பின்னி விரித்துக்கொண்ட பாய். ஒருவர் களைக்கொத்தியால் வேரை அறுத்தபடி பின்னுக்கு நகர, இரண்டு பேர் இரு ஓரமும் குந்தி உட்கார்ந்து கவட்டைக் கம்பால் நெம்பி நெம்பிச் சுருட்டிக்கொண்டு போவார்கள். சுருள் இடுப்பு உயரம் வந்ததும் சரிவில் உருட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவார்கள். பனி காய்வதற்குள் முடிந்தவரை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கறுத்த காய்கள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வெடிக்கும். விதை நாலடி, ஐந்தடி பறக்கும். பிடுங்கிய கையே அடுத்த வருஷத்துக்கு விதைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அந்தக் கொடி தானாக வந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் சாலை இலாகாவே கப்பலில் மூட்டை மூட்டையாக வரவழைத்துத் தூவியது. சாலை மேடு மழைக்குச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணைப் பிடி என்று விதைத்தார்கள், பிடித்தது. எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சாலையோரம் முடிந்ததும் வேலியில் ஏறியது. வேலி முடிந்ததும் வயலில் இறங்கி, நின்ற கதிரின் தோளில் கைபோட்டு, அதையும் கூடவே படுக்கவைத்தது. சக்கரம் பஞ்சராகி மூன்று நாள் நின்ற ஒரு லாரியை அது முழுசாக மூடிவிட்டதாகவும், ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததாகவும், கதவைத் திறக்க அரிவாள் கேட்டு அவர் ஹாரன் அடித்ததாகவும் ரேடியோ சொல்லுவாள். ஹாரனிலிருந்து சத்தம் வராமல் இரண்டு பூ வந்ததாம். நம்புகிறவர்கள் அதையும் சேர்த்தே நம்பினார்கள்.

ரேடியோ என்பது கூட்டத்திலேயே மூத்தவளின் பெயர். காலையில் லாரியில் ஏறும்போது திறந்த வாயைச் சாயங்காலம் இறங்கும்போதுதான் மூடுவாள்.

கொடிக்கு இலாகா வைத்த பெயர் 'அயல்வரவு ஊதா அவரையினக் கொடிக்களை'. கூட்டம் வைத்த பெயர் மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளை. அழைத்து வந்தார்கள், வந்து உட்கார்ந்தது, கிடைத்த தோளில் ஏறியது, இனிப் போகாது.

பன்னிரண்டு பேரில் இன்னொரு மாப்பிள்ளையும் இருந்தான். முப்பத்திரண்டு வயது. ஒல்லி, கழுத்துக்குப் பின்னால் மட்டும் கறுப்பு கூடுதல். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் இருக்கிறான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். செடியைப் பார்த்து அவனுக்கு வைத்தார்களா, அவனைப் பார்த்துச் செடிக்கு வைத்தார்களா என்பதில் கூட்டத்துக்குள் இரண்டு கட்சி உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி பதிவேட்டைத் தொடையில் விரித்து, "பேரு?" என்று கேட்க, அவன் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ, "மாப்பிள்ளைன்னு எழுதுங்க, வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்ப மாட்டான்," என்றாள். மேஸ்திரி எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

அதே பதிவேட்டில் 'வேலை விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டு விரல் அகலம். தினமும் சாயங்காலம் மேஸ்திரி அதற்குள் அயல்வரவு ஊதா அவரையினக் கொடிக்களையை நுழைக்க வேண்டும். முதல் நாள் 'அயல்வரவு ஊ' என்பதோடு கட்டம் முடிந்துவிட்டது.

"இத நான் எழுதி முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த ஊரு வரைக்கும் புடுங்கிட்டுப் போயிடுவீங்க போல," என்றார் மறுநாள்.

"சுருக்கமா எழுதுங்க மேஸ்திரி," என்றான் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை நீக்கம்னு போடுங்க. யாருக்குப் புரியாது?"

"உன்னையா, செடியையா?"

"என்னை நீக்கறதுக்கு எங்க மாமனாராலயே முடியலை. நீங்க எழுதுங்க."

மேஸ்திரி எழுதினார். கட்டத்துக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் அதுதான்.

மாமனார் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமனாரும் மாமியாரும், மற்றதில் மச்சான் குடும்பம். இரண்டுக்கும் நடுவே ஏழடி நீள நடைவழி. அதில் ஒரு கயிறு கட்டித் துணி தொங்கவிட்டு மாப்பிள்ளையும் அவன் மனைவியும் நாலு வயது மகளும் இருந்தார்கள். முன்வாசலிலிருந்து கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் துணியை விலக்கி, மூன்று ஜோடிக் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமனார் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

"மாப்ள, கொஞ்சம் உள்ள நகருங்க. பின்னாடி ஆள் ஏறணும்," என்பார். இல்லாவிட்டால், "காலை மடக்கிக்குங்க மாப்ள, இது நின்னுக்கிட்டுப் போற வண்டி."

"சரிங்க மாமா," என்று அவன் காலை மடக்குவான். ஏழு வருஷமாக மடக்கியதில் அவனுக்கு நீட்டிப் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

சாலை இலாகாவில் ஒரு விதி இருந்தது. நடுவில் விடாமல் தொடர்ந்து இருநூறு நாள் வேலை பார்த்த கூலியாள் நிரந்தரம். நிரந்தரமானவருக்கு இலாகா குடியிருப்பில் ஒரு அறை, ஒரு அடுப்படி. முக்கியமாக, ஒரு கதவு. விதி வந்து பதினொரு வருஷம் ஆகியும் யாரும் இருநூறைத் தொட்டதில்லை. கொடி முளைத்ததிலிருந்து வெயிலில் காய்ந்து சருகாகும்வரை நூற்றி எண்பத்தைந்து நாள், மிஞ்சினால் நூற்றித் தொண்ணூறு. காய்ந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். கொடியின் ஆயுளை எண்ணிப் பார்த்துத்தான் விதியை எழுதினார்களா, தற்செயலாக அமைந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் மழை தள்ளிப் பெய்தது. கொடியும் தள்ளிக் காய்ந்தது. மற்ற பதினொரு பேரும் நடுவில் ஒரு நாளாவது விட்டிருந்தார்கள். ரேடியோ மகள் பிரசவத்துக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்ததில் அவள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. நாற்பதாவது நாள் காய்ச்சலோடு சுருட்டினான். நூற்றிப் பன்னிரண்டாவது நாள் காலில் களைக்கொத்தி பட்டு, கட்டுப்போட்ட காலோடு குந்தினான். தினமும் சாயங்காலம் மனைவி அவன் கால்சட்டை மடிப்பிலிருந்து விதைகளை வாசலில் உதறிவிட்டு, துணி தொங்கும் கயிற்றின் மிச்ச நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள்.

நூற்றி ஐம்பதாவது முடிச்சன்று அவள் குடியிருப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி அறை காலியாக இருந்தது.

"கதவு நல்ல கதவுங்க. தட்டிப் பார்த்தேன்," என்றாள். "கொண்டி இருக்கு, பூட்டுதான் இல்லை." முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புதுப் பூட்டு ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை அளவு, பித்தளை நிறம், இரண்டு சாவி. "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

அன்றிலிருந்து முடிச்சுப் போட்டதும் அதை ஒரு தரம் பூட்டித் திறந்து பார்ப்பாள். மகளுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும்.

நூற்றித் தொண்ணூற்றி ஒன்றாவது நாள் கொடி அடியிலிருந்து மஞ்சளித்தது. மேஸ்திரி ஒரு இலையைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தார். பொடியாகப் போனது.

"இன்னும் அஞ்சு நாள் ஓட்டலாம்," என்றார். "அப்புறம் கலைச்சுடுன்னு சொல்லிட்டாங்க. செடியே இல்லாம யாரைப் புடுங்கறது?"

மாப்பிள்ளை இன்னொரு இலையைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தான். சாயங்காலம் லாரி வந்தபோது, "நான் நடந்து வர்றேன், கால் மரத்துப் போச்சு," என்றான். லாரி போனதும் சாலைக்கு அடியில் இருந்த சிறுபாலத்துக்குள் குனிந்து போனான். அங்கே முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. காலை வேலையின் நடுவே இரண்டு எண்ணெய் டின்களை அங்கே ஒளித்து வைத்திருந்தான். பாலத்துக்குப் பக்கத்துச் சரிவு மர நிழலில் இருந்ததால் அங்கே மட்டும் கொடியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது. டின்களை மொண்டு, தூக்கி, வேர் பார்த்து ஊற்றினான். இருட்டு விழுவதற்குள் இருபத்தாறு தடவை ஏறி இறங்கினான்.

மறுநாள் சாயங்காலம் மூன்றாவது தடவை ஏறும்போது மேலே ரேடியோ இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மாப்ள, என்ன பண்றே?"

"கால் கழுவறேன்க்கா."

"நானூறு அடி நீளத்துக்கா?"

அவன் டின்னைக் கீழே வைத்தான். அவள் ஈர மண்ணைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், அவன் தோளில் டின் கம்பி பதிந்த தடத்தைப் பார்த்தாள். பதிவேட்டில் அவனுக்கு அது எத்தனையாவது நாள் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இத்தனை வருஷத்துல களைக்குத் தண்ணி ஊத்தின ஒரே ஆள் நீதான்டா," என்று சொல்லிவிட்டு ரேடியோ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அது அபூர்வம். "அந்தக் கதவு கிடைச்சா ஒருநாள் நான் வந்து சாத்திப் பார்ப்பேன். எங்க வீட்டுக் கதவு சாத்தாது."

"வாங்கக்கா. ரெண்டு தரம் சாத்திப் பாருங்க."

அதற்கடுத்த சாயங்காலம் அவள் ஒரு குடத்தோடு வந்தாள். அதற்கடுத்து லாரி காலியாகப் போனது. வாளி, டின், உடைந்த பெயின்ட் டப்பா என்று கையில் கிடைத்ததோடு பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று பாலத்திலிருந்து சரிவுக்குக் கைமாற்றினார்கள். மேஸ்திரி மட்டும் சாலையில் நின்று வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறவை எதுவும் இல்லை. காலையில் வந்து, முந்தின சாயங்காலம் ஊற்றி வளர்த்ததையே சுருட்டினார்கள். சுருட்டும்போது களைக்கொத்தி எப்படியோ வேரைத் தொடாமல் தொடாமல் போனது.

கொடி நாலே நாளில் துளிர்த்தது. சுற்றிலும் எல்லாம் சருகாகிக் கிடக்க, பாலத்துச் சரிவில் மட்டும் ஊதாப் பூ ஒரு பக்கமாகச் சரம் சரமாகத் தொங்கியது. சுருள்கம்பி மாதிரிப் பற்றுக்கொடிகளை நீட்டி, வைத்துவிட்டுப் போன கவட்டைக் கம்பிலேயே ஏறியது. ஒரு மதியம் ஜீப்பில் போன அதிகாரி நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"என்னய்யா இது, இந்த வெயில்ல பூத்திருக்கு?"

"முரட்டுச் செடிங்க சார்," என்றார் மேஸ்திரி. "பார்த்தா பயமா இருக்கு."

அதிகாரிக்கும் கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் நீட்டிப்பு வந்தது.

இருநூறாவது முடிச்சு கயிற்றின் கடைசி நுனியில் விழுந்தது. அதற்கு மேல் போடக் கயிறு இல்லை. முடிச்சுக்கு முடிச்சு கயிறு இழுபட்டு, துணி தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஏறி, காற்றடித்தால் கூரைக்குப் போனது. மனைவி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இன்னும் எத்தனை நாள்.

மறுநாள் அரைநாள் வேலை முடித்து, முகம் கழுவி, மச்சானின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை இலாகா அலுவலகத்துக்குப் போனான். கையை மட்டும் எவ்வளவு தேய்த்தும் கொடிச்சாறு கறுத்துப் படிந்தது படிந்தபடியே இருந்தது. குமாஸ்தாவின் தலைக்கு மேலே சுவரில் பழைய புகைப்படம் ஒன்று: தொப்பி போட்ட ஒரு பெரிய அதிகாரி கூடையிலிருந்து விதை தூவுகிறார். கீழே 'மண் காக்கும் நண்பன் வருகை' என்று எழுதியிருந்தது. ஜன்னல் கம்பியில் நண்பன் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குமாஸ்தா நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"பேர் சொல்லுங்க."

"மாப்பிள்ளைங்க."

"யாரோட மாப்பிள்ளை?"

"பேரே அதாங்க. உங்க பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு."

குமாஸ்தா பதிவேட்டை எடுத்தார். பெயரைக் கண்டுபிடித்து முகம் மலர்ந்தார். விரலை நாக்கில் தொட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பினார். நாலாவது பக்கத்தில் மலர்ச்சி நின்றது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"உங்களை நீக்கியிருக்கு," என்றார்.

"எப்ப சார்?"

"சேர்ந்த ரெண்டாவது நாள். இதோ, மாப்பிள்ளை நீக்கம்." பக்கத்தைத் திருப்பினார். "மூணாவது நாளும் நீக்கியிருக்கு. நாலாவது நாள்… ம். அதுக்கு மறுநாள்…" அவர் பென்சிலால் எண்ணிக்கொண்டே போனார். ஜன்னல் பக்கம் மின்விசிறி கொடியை அசைத்தது. "மொத்தம் நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு தடவை. நான் இங்க வந்து பத்தொன்பது வருஷம் ஆகுது. இந்த இலாகால யாரையும் இத்தனை தடவை நீக்கினதில்லை."

மாப்பிள்ளைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "சார், அது செடி."

"எது?"

"மாப்பிள்ளை."

"நீங்கதானே மாப்பிள்ளை?"

"நானும்தான் சார். செடிக்கும் அதான் பேரு."

"யார் வச்ச பேரு?"

"நாங்கதான்."

குமாஸ்தா அலமாரியிலிருந்து இரண்டு பட்டியல்களை எடுத்து வந்தார். ஒன்று இலாகா அறிந்த தாவரங்களின் பட்டியல். அதில் அயல்வரவு ஊதா அவரையினக் கொடிக்களை இருந்தது, மாப்பிள்ளை இல்லை. இன்னொன்று கூலியாட்களின் பட்டியல். அதில் மாப்பிள்ளை இருந்தான். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். மறைத்துப் பேசுகிறவர் இல்லை.

"எழுதியிருக்கறதைத்தான் நான் படிக்க முடியும். காலைல வந்திருக்கீங்க, வேலைல எடுத்திருக்கோம். சாயங்காலம் நீக்கியிருக்கோம். மறுநாள் புதுசா வந்திருக்கீங்க. நீங்க இருநூறு நாள் வேலை பார்க்கலைங்க. ஒரு நாள் வேலையை இருநூறு தடவை பார்த்திருக்கீங்க. தொடர்ச்சி இல்லை."

"எல்லா நாளும் நீக்கலையே சார். நடுவுல அஞ்சு நாள் விட்டிருக்கே."

"அதுல முதல் நாள் 'அயல்வரவு ஊ'. அப்படின்னா என்னன்னு எனக்குத் தெரியலை. மத்த நாலு நாள் மழைக்குச் சாக்கடை தூர் எடுத்திருக்கீங்க. அந்த நாலு நாள் உங்களை நீக்கலை. ஆனா அதுவும் அடுத்தடுத்து வரலை."

மாப்பிள்ளை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேஜைமேல் வைத்தான். கறுப்பும் பச்சையுமாகச் சாறு ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது. குமாஸ்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார்.

"நான் நம்பறேன்," என்றார் மெதுவாக. "நான் நம்பறதுக்கு இதுல கட்டம் இல்லை. அந்தச் செடிக்கு அப்படி ஒரு பேர் உண்டுன்னு விவசாய அலுவலகத்துல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. மாத்தி எழுதிட்டேன்னு உங்க மேஸ்திரிகிட்டயும் ஒரு கையெழுத்து. ரெண்டும் வந்தா நானே மேல அனுப்பறேன்."

விவசாய அலுவலகத்தில் இரண்டு மதியம் உட்கார்ந்தான். செடிக்குப் பெயர் வைப்பது ஆராய்ச்சியாளர்கள் வேலை, கூலியாட்கள் வைத்த பெயருக்குச் சான்று தருவதற்குப் படிவமே கிடையாது என்று இரண்டாவது மதியம் சொன்னார்கள். அந்த இரண்டு அரைநாளும் பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஏறின.

மேஸ்திரியைச் சிறுபாலத்துக்கு மேலே பிடித்தான். அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தலையில் தொப்பி விளிம்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"மாத்தி எழுதிட்டேன்னு நான் எழுதிக் குடுத்தா, இருநூறு நாளும் தப்பாப் பதிஞ்சவன்னு ஆயிடுவேன்டா. அடுத்த கேள்வி, பதினாலு வருஷமா வேற என்னென்ன தப்பா எழுதினேன்னு."

"நீங்க நிரந்தரம்தானே மேஸ்திரி. உங்களை என்ன பண்ணிடுவாங்க?"

மேஸ்திரி சாலையின் இரு பக்கமும் பார்த்தார். கூட்டம் கீழே சரிவில் இருந்தது.

"யார் சொன்னா நிரந்தரம்னு?"

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான்.

"என் வேலைக் கட்டத்துல 'கூட்டத்தோடு' அப்படின்னு எழுதியிருக்கு. கூட்டம் கலைஞ்சா நானும் கலைஞ்சேன். பதினாலு தடவை கலைஞ்சிருக்கேன்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதக் கூட்டத்துல சொல்லிடாதே. அப்புறம் ஒரு பயலும் என் பேச்சைக் கேட்க மாட்டான்."

அன்று சாயங்காலம் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். பென்சிலை ஊசி முனையாகச் சீவி, கண்ணைப் பதிவேட்டுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, இரண்டு விரல் அகலக் கட்டத்துக்குள் மூன்று வரியாக, எறும்பு எறும்பாக, 'அயல்வரவு ஊதா அவரையினக் கொடிக்களை நீக்கம்' என்று முழுசாக எழுதி முடித்தார். அரைமணி நேரம் ஆனது. லாரிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். எழுதி முடித்ததும் மாப்பிள்ளையிடம் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றான் மாப்பிள்ளை. இன்னும் இரண்டு நாள் அப்படியே எழுதினார். மூன்றாவது நாள் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

ரேடியோ அன்று லாரியில் வாயைத் திறக்கவே இல்லை. இறங்கும்போது மட்டும், "நான்தானே அந்தப் பேரை எழுதச் சொன்னேன்," என்றாள்.

"எழுதச் சொன்னது நீங்க. அத நீக்கச் சொன்னது நான்க்கா," என்றான் மாப்பிள்ளை.

மறுநாள் வேலை இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கே அவனுக்குக் கால் நிற்கவில்லை. நடந்தே போனான். பாலத்துச் சரிவில் அவர்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி முழுக்கக் காய்த்துக் கறுத்திருந்தது. வெயில் ஏற ஏற, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு சோளம் பொரிகிற மாதிரி, காய்கள் முறுக்கிக்கொண்டு வெடித்தன. விதைகள் அவன் சட்டையில் பட்டன, பாதத்தில் பட்டன, சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்து வயலில் போய் விழுந்தன. அவன் நிழலுக்கு நகராமல் அது ஓயும்வரை நின்றான்.

வரும் வழியில் குடியிருப்பில் மனைவி நின்றிருந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நீல நிற பீப்பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. இரண்டு பேர் இன்னும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"களைக்கொல்லி மருந்தாம்," என்றாள் மனைவி. "அடுத்த வருஷம் அடிக்கற வண்டி வருதாம். ரெண்டே ஆள் போதுமாம்." பிறகு, "கதவுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டிருக்காங்க பாருங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பூட்டை அவள் உண்மையிலேயே அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனாருக்கு அதற்குள் சேதி போயிருந்தது. சாயங்காலம் அவர் அறையிலிருந்து வெளியே வந்தார். துணிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தரம் செருமினார். உள்ளே நகரச் சொல்லவில்லை. பின்னால் ஆள் ஏறுகிறது என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை தானாகவே காலை மடக்கினான். அவர் சுவரோடு ஒட்டி, யாருடைய காலும் படாமல், வயதுக்கு மீறிய கவனத்தோடு தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் செருமினார்.

வாசலிலிருந்து காற்று வந்தது. இருநூறு முடிச்சில் சுருங்கிய கயிற்றில் துணி எழும்பி, பறந்து, மகளின் முகத்தில் அடித்தது. மனைவி எழுந்து அதை இழுத்துப் பிடித்தாள். விட்டால் மறுபடி பறந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டை எடுத்தாள். துணியின் அடி ஓரத்தில் பல்லால் ஒரு கிழிசல் போட்டு, பூட்டின் கொக்கியை அதற்குள் நுழைத்தாள். வெறுமனே தொங்கவிட்டால் நழுவிவிடும் என்பதால் அழுத்திப் பூட்டினாள். சத்தம் கேட்டு மகள் கண்ணை மூடினாள்.

துணி நேராகத் தொங்கியது. மனைவி ஒரு சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.